அம்பை: வாய்க்கால் வளர்த்த ஊர்

(பண்ணை வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



விதை வாங்கப் போகிறபோது "அம்பை 16 இருக்கா?" என்று கேட்கிறோம். கடைக்காரரும் மூட்டையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்த அம்பை எங்கே இருக்கிறது, நெல்லுக்கு ஏன் அந்த ஊர்ப் பெயர் வந்தது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? ஆடுதுறை என்றால் காவிரிக்கரை என்று சொல்லிவிடுவோம். அம்பை தாமிரபரணிக் கரை. முழுப்பெயர் அம்பாசமுத்திரம். இன்றைக்கு அது ஒரு நகராட்சி. ஆனால் கடைத்தெருவை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் வரப்பில் கால் வைத்துவிடலாம். அந்த ஊரின் கதையைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். இதில் ராஜா கதை கொஞ்சம் வரும். தண்ணீர்க் கதைதான் நிறைய வரும்.

ஊர் இருக்கும் இடம்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் அம்பாசமுத்திரம். ஆற்றுக்கு வடகரையில் ஊர். பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போனால் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி. இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே போனால் பாபநாசம். அங்கேதான் ஆறு மலையை விட்டு இறங்கிச் சமவெளியைத் தொடுகிறது.

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். காவிரியோடு வைத்துப் பார்த்தால் குட்டி ஆறு. பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பிறப்பதும் கலப்பதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. பக்கத்து மாநிலத்தைப் பார்த்துத் தண்ணீர் கேட்க வேண்டிய நிலை இந்த ஆற்றுக்கு இல்லை. நமக்குள் பங்கு பிரித்துக்கொண்டால் போதும். அதுதான் கஷ்டமான காரியம் என்பது வேறு விஷயம்.

இந்த ஆற்றுக்கு இன்னொரு அதிர்ஷ்டம் உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மழையைக் கொட்டும். ஊருக்குள் சாரல்தான் விழும், ஆனாலும் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஊரிலும் மலையிலும் பெய்யும். இப்படி இரண்டு மழை கிடைப்பதால்தான் இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம். ஜூனில் அணை திறந்தால் கார். அக்டோபர், நவம்பரில் நடவு செய்தால் பிசானம். பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே கார் என்றும் பசானம் என்றும் இந்தப் போகங்களின் பெயர் வருகிறது. நம்ம தாத்தாவுக்குத் தாத்தா சொன்ன வார்த்தையைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மேற்கே சேர்வலாறு, தெற்கே மணிமுத்தாறு, வடக்கிலிருந்து வந்து திருப்புடைமருதூர் அருகே சேரும் கடனாநதி என்று துணையாறுகளும் அம்பை வட்டாரத்தைச் சுற்றியே ஆற்றோடு கலக்கின்றன. மலை பக்கம், ஆறு பக்கம், மண்ணும் நல்ல மண். ஊர் உண்டாக வேறு என்ன வேண்டும்?

கல்லில் வெட்டிய வட்டிக்கணக்கு

அம்பாசமுத்திரத்தின் பழைய பெயர் இளங்கோக்குடி. முள்ளிநாடு என்ற நாட்டுப் பிரிவில் இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் வரகுணன் என்ற பாண்டிய மன்னன் இந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு கொடை கொடுத்தான். அந்தச் செய்தி வட்டெழுத்துக் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அப்போது மன்னன் இங்கே இல்லை. வடக்கே தொண்டைநாட்டில், பெண்ணையாற்றங்கரையில் அரைசூர் என்ற இடத்தில் முகாமிட்டிருந்தான். அங்கிருந்துகொண்டு இந்தக் கோயிலை நினைத்து 290 காசு கொடுத்தான்.

பணத்தைக் கோயில் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. ஊர்ச் சபையாரிடம் கொடுத்தான். சபை அதைத் தொடாமல் முதலாக வைத்துக்கொள்ள வேண்டும். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டியாகக் கோயிலுக்கு அளக்க வேண்டும். 290 காசுக்கு 580 கலம். அந்த நெல்லில் தினசரிப் படையல் நடக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வருஷா வருஷம் 580 கலம் தவறாமல் அளப்போம் என்று ஒரு சபை கல்லில் வெட்டிக்கொடுக்க வேண்டும் என்றால், அந்த ஊருக்கு வாய்க்கால் தண்ணீர்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! மானாவாரி ஊரில் யாராவது அப்படி எழுதிக் கொடுப்பார்களா? நமக்குக் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கட்டுவதற்கே வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வரகுணன் கொடுத்தது காசு. அதற்கு ஈடாக நின்றது ஆறு.

நெல்லின் வயது இதைவிடப் பெரியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியைச் சோதித்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரிந்தது. 2021இல் தமிழக அரசு இதை அறிவித்தது. 3,000 ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆற்றங்கரையில் நெல் இருக்கிறது.

எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தாமிரபரணியில் மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழைய அரசர்கள் காலத்து வேலை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் ஆட்சியில் கட்டியது. முதல் மூன்றும் அம்பை வட்டாரத்திலேயே இருக்கின்றன.

அணைக்கட்டு வேறு, அணை வேறு. அணை தண்ணீரைத் தேக்கி வைக்கும். அணைக்கட்டு தேக்காது. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய கல் கட்டு அது. தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பிவிடும். மிச்சம் கட்டுக்கு மேலே வழிந்து ஆற்றோடு போகும். வயலில் பாய்ந்து வடிகிற தண்ணீரும் கசிவு நீரும் மறுபடி ஆற்றுக்கே வந்து சேரும். அதை அடுத்த அணைக்கட்டு பிடிக்கும். ஒரே தண்ணீர் இப்படி நாலைந்து ஊர் வயலுக்குப் பாயும்.

அம்பையில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், மடையடியில் நின்றுகொண்டு இதை எனக்கு ஒரே வரியில் சொன்னார்: "சார், நாங்க தண்ணிய பூட்டி வைக்கல. மேல கடன் வாங்குதோம், கீழ திருப்பிக் குடுக்கோம்." பட்டப் படிப்பில் நான் பல பக்கம் படித்த பாடம் அது.

இப்போது கணக்கைப் பாருங்கள். எட்டு அணைக்கட்டிலிருந்து பதினோரு கால்வாய்கள் பிரிகின்றன. மொத்தப் பாசனப் பரப்பு 86,107 ஏக்கர். முதல் இரண்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்களுக்கு எவ்வளவு தெரியுமா? வடக்குக் கோடைமேலழகியான் கால் 2,260 ஏக்கர், தெற்குக் கால் 870 ஏக்கர், நதியுண்ணி 2,460 ஏக்கர். மூன்றும் சேர்த்து 5,590 ஏக்கர்தான். அடுத்த கன்னடியன் கால் 12,500 ஏக்கர். பிறகு கோடகன், பாளையங்கால், நெல்லைக்கால். சுத்தமல்லி வரையிலான ஆறு அணைக்கட்டுகளையும் கூட்டினால் சரியாக 40,000 ஏக்கர்.

மிச்சம் 46,107 ஏக்கர், பாதிக்கும் மேலே, கடைசி இரண்டு அணைக்கட்டுகளான மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் இருக்கிறது. அதாவது தலைமடையில் இருப்பது சின்னக் குடும்பம். கடைமடையில் உட்கார்ந்திருப்பது பெரிய குடும்பம். பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் எவ்வளவு அள்ளிப் போட்டுக்கொள்கிறார் என்பதைப் பொறுத்துத்தானே கடைசியில் உட்கார்ந்தவருக்குச் சோறு?

கன்னடியன் கதை

கன்னடியன் கால்வாய் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். நோயால் வருந்திய ஓர் அரசன், தன் பிணியை ஒரு பொம்மையில் இறக்கி, அந்தப் பொம்மையைப் பொன்னோடு தானம் கொடுக்க நினைத்தான். வாங்க யாரும் துணியவில்லை. கன்னட தேசத்து பிரம்மச்சாரி ஒருவர் வாங்கிக்கொண்டார். கிடைத்த செல்வத்தை எப்படி நல்ல வழியில் செலவழிப்பது என்று அகத்தியரைத் தேடிப் பொதிகைக்கு வந்தார். ஒரு பசு முன்னே நடக்கும், அது போகும் வழியே கால்வாய் வெட்டு, அது படுக்கும் இடத்தில் குளம் வெட்டு என்று அவருக்கு வழி கிடைத்ததாம். அப்படி வெட்டியதுதான் கன்னடியன் கால்.

கதை என்று தள்ளிவிடாதீர்கள். மேய்ச்சலுக்குப் போகிற மாட்டைக் கவனித்துப் பாருங்கள். மேட்டில் வீணாக ஏறாது, பள்ளத்தில் இறங்காது, சரிவின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து நடக்கும். வாய்க்காலும் அப்படித்தான் மட்டம் பிடித்துப் போக வேண்டும். மட்டக்கருவி இல்லாத காலத்தில் மாட்டின் பாதையைப் பார்த்து வாய்க்கால் வெட்டியிருந்தால் அது கெட்டிக்காரத்தனம்தான்.

அந்தக் கால்வாய்க்கு இப்போது ஒரு புது வேலையும் வந்திருக்கிறது. வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் உபரி நீரைத் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட பூமிக்குக் கொண்டுபோகிற தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் கன்னடியன் காலிலிருந்துதான் தொடங்குகிறது. 2009இல் தொடங்கிய வேலை முடிந்து 2025இல் பயன்பாட்டுக்கு வந்தது.

மில்லும் மின்சாரமும் அணைகளும்

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தண்ணீருக்கு இன்னொரு பயன் கண்டுபிடித்தார்கள். பாபநாசத்தில் அருவி விழும் வேகத்தைக் கொண்டு இயந்திரம் ஓட்டலாம் என்று 1880களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை தொடங்கினார்கள். அதை ஒட்டி விக்கிரமசிங்கபுரம் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ரயில் பாதை வந்தது. அம்பை நெல்லும் வாழையும் வெளியூர் போக வழி பிறந்தது.

1940களில் பாபநாசத்தில் நீர்மின் திட்டமும் அணையும் வந்தன. அணையின் முழுமட்டம் 143 அடி. கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. அதற்குமுன் ஆற்றில் வந்ததை அன்றன்று பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அணை வந்தபிறகு ஆனி மாதத்துத் தண்ணீரைப் புரட்டாசிக்கு வைத்துக்கொள்ள முடிந்தது.

பிறகு 1950களில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, மணிமுத்தாறு அணை எழுந்தது. 118 அடி, 5,511 மில்லியன் கன அடி. அணைக்கட்டுக் கால் எட்டாத மேட்டுநிலத்துக் குளங்களுக்கும் தண்ணீர் கொண்டுபோக அங்கிருந்து தனிக் கால்வாய் வெட்டினார்கள். 1980களில் சேர்வலாறு அணை. இத்தனைக்கும் மேலே இருக்கும் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். புலிக்கும் நம்ம நெல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்தக் காடு மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி மெல்ல மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஆற்றில் ஈரம் இருக்கிறது.

ஊர்ப் பெயர் நெல்லுக்கு வந்த கதை

1937இல் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. கார், பிசானம் இரண்டு பருவத்துக்கும் தோதான ரகம் கண்டுபிடிப்பது அதன் வேலை. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. இங்கே உருவாகும் ரகங்களுக்கு ஊர்ப் பெயரும் எண்ணும்தான் பெயர். 1986இல் வெளிவந்தது அம்பை 16. ஆடுதுறை 31ஐயும் கோ 39ஐயும் ஒட்டுச் சேர்த்துத் தேர்ந்தெடுத்த ரகம். 110 முதல் 115 நாள் வயது. குட்டையும் தடிப்புமான அரிசி. சாப்பாட்டுக்கு மெல்லிசு அரிசி கேட்கிறவர்கள்கூட இட்லிக்கு இந்த அரிசியைத் தேடி வாங்குவார்கள். 1991இல் அம்பை 18 வந்தது.

ஒரு சின்ன ஊரின் பெயர், அந்த ஊரைப் பார்த்தே இராதவர்கள் வாயில் தினமும் வருகிறது என்றால் அது வாய்க்கால் கொடுத்த பெருமை.

வெள்ளம் சொல்லிக்கொடுத்த பாடம்

ஆறு அணைத்துக்கொண்டே இருக்கும் என்று நினைக்கக்கூடாது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். தண்ணீர் வடிந்தபிறகு வயலில் மணல் மேடு போட்டுக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபடியும் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். வாழையும் நெல்லும் எவ்வளவு போச்சு என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வெள்ளம் வந்த அன்றைக்குத்தான் எந்த மறுகால் அடைபட்டிருக்கிறது, எந்த ஓடையில் வீடு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் வெளியே தெரிந்தது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. நாம்தான் மறந்துவிடுகிறோம்.

இன்றைக்கு என்ன நிலைமை?

பெருமையாகப் பேசிவிட்டேன். மனசை உறுத்துகிற விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

அம்பை ஊரை உண்டாக்கியது வாய்க்கால். ஊர் பெருகப் பெருக, வாய்க்காலுக்குப் பக்கத்து நன்செய் மனைக்கட்டாகிறது. மனைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு ஏக்கர்க்காரருக்கு மடை அடைபட்டுப் போகிறது. "சுத்தி வீடு வந்துட்டு சார், நான் மட்டும் எப்படி நாத்து நட?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நெல் விலையையும் மனை விலையையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தடுமாற்றம் வரத்தான் செய்யும். ஆனால் ஒன்று. வாய்க்கால் ஒரு பட்டாதாரருக்குச் சொந்தமானது அல்ல. நடுவில் ஒரு கிளைக்கால் செத்தால் அதன் கீழே இருக்கிற எல்லா வயலும் சேர்ந்து சாகும். கீழே போய்ப் பாருங்கள். பாளையங்காலும் நெல்லைக்காலும் நகரத்துக்குள் நுழையும் இடத்தில் சாக்கடையும் குப்பையும் கலக்கிறது. அந்த நிலைமை அம்பைக் காலுக்கும் வந்துவிடக்கூடாது.

பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். மூட்டை மூட்டையாக அள்ள வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் குடிநீர்த் திட்டங்கள் இந்த ஆற்றை நம்பியிருக்கின்றன. பாவம் தொலைப்பதாக நினைத்து விடுகிற துணி, கீழே உள்ளவர் குடிக்கிற தண்ணீரில்தான் போய்ச் சேருகிறது.

நம்ம வீட்டுக் குறையையும் பார்ப்போம். வயல் வடிநீர் ஆற்றுக்குத் திரும்புகிறது என்று சொன்னேன் அல்லவா? அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியாவும், தெளித்த பூச்சி மருந்தும் அதோடுதான் போகும். மேலே கடன் வாங்கிய தண்ணீரைக் கீழே கெடுத்துத் திருப்பிக் கொடுப்பது நியாயமா?

நாம் செய்யக்கூடியது

ஆறு யாருடையதாக இருந்தாலும் தலைமடை விவசாயிகள் எல்லோருக்கும் பொருந்துகிற நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கார் பருவத்துக்கு அணை திறக்குமுன்பே வயல்காலைத் தூர்வாருங்கள். குடிமராமத்து என்பது நம் முன்னோர் ஏற்பாடு. அரசாங்கம் பெரிய காலைப் பார்த்துக்கொள்ளட்டும். நம்ம வயலுக்கு வரும் காலை நாம் பார்த்துக்கொள்வோம்.

இரண்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள். நெல் தண்ணீரில் மிதக்கவேண்டிய பயிர் இல்லை. துளை போட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். மகசூல் குறையாது. மிச்சமாகும் தண்ணீர் கடைமடைக்குப் போகும்.

மூன்று, மண்ணைப் பரிசோதித்து உரம் போடுங்கள். உரம் போட்ட உடனே வயலை வடிக்காதீர்கள். உங்கள் காசும் மிஞ்சும், ஆறும் பிழைக்கும்.

நான்கு, மனைப்பிரிவு வருகிற இடத்தில் கிளைக்காலின் அகலம் குறையாமல் விட்டிருக்கிறார்களா என்று ஊர் கூடிக் கேளுங்கள். கால் மூடியபிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டில் கார் சாகுபடிக்கு முதலில் அடிபடுவது கடைமடைதான். அம்பைக்காரர் ஒரு மடையைக் கொஞ்சம் முன்கூட்டி அடைத்தால், எங்கோ ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே முகம் தெரியாத ஒருவர் வயலில் கதிர் முற்றும்.

வரகுணன் கொடுத்த 290 காசை முதல் தொடாமல் வைத்து வட்டியை மட்டும் அளந்தார்கள் இளங்கோக்குடிச் சபையார். நம் கையில் இருக்கும் முதல், இந்த ஆறும் வாய்க்காலும். வட்டியாக வருவது இரண்டு போக நெல். வட்டியைத் தின்போம், முதலில் கை வைக்க வேண்டாம். அடுத்த முறை விதைக்கடையில் அம்பை 16 கேட்கும்போது இந்த ஊரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.